மெயினை அணைத்தாலும் அணையாத மின்சாரம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். வீட்டில் தீப்பிடித்தால் மெயினை அணைத்துவிட்டால் போதும்தானே?"

போதாது. மெயினை அணைத்தால், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் நின்றுவிடும், சரி. ஈபி கரண்ட் போனதும் தானாக நின்றுகொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை உங்கள் மாடி மின்சாரம் தாக்கக்கூடாதல்லவா? ஆனால் பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) ஒயர் உயிரோடுதான் இருக்கும். 540 வாட் பேனல் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 49 வோல்ட். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும். வெளிச்சம் மங்கும்போது ஆம்பியர்தான் மளமளவென்று இறங்கும், வோல்ட் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதனால் மழை மூடிய ஐப்பசிப் பகலிலும் அந்த ஒயரில் கை வைக்க முடியாது.

ஷார்ட் ஆனால் பியூஸ் போய்விடாதா என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டு லைனில் ஷார்ட் ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டுதான் பியூஸ் போகிறது, எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் விழுகிறது. பேனலால் அப்படிப் பாய முடியாது. விழுகிற ஒளி எத்தனை எலக்ட்ரான்களை விடுவிக்கிறதோ அவ்வளவுதான் அதன் கையிருப்பு. நல்ல வெயிலில் ஒழுங்காக வேலை செய்யும்போது 13 ஆம்பியர் தரும் பேனல், இரண்டு முனைகளையும் நேரடியாக ஒட்டவைத்தாலும் ஏறக்குறைய 14 ஆம்பியர்தான் தரும். பியூசுக்கு இரண்டும் ஒன்றுதான். விபத்து நடப்பதே அதற்குத் தெரியாது!

ஒயரின் உறை கருகி, செம்பு முனைகள் லேசாக விலகினால் நடுவே மின்வில் மூளும், அதாவது இடைவெளியைத் தாண்டி மின்சாரம் தீப்பொறியாகப் பாயும். திசை மாறிமாறிப் பாயும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் மின்வில் அணைய வாய்ப்புண்டு. டிசிக்கு அந்த மூச்சுவிடும் நேரமே கிடையாது. ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரிந்துகொண்டே இருக்கும். நம் கடலோர உப்புக்காற்றில் இணைப்பிகள் அரித்துப்போனால் தீயே அங்கிருந்து கிளம்பலாம். ஆயுத பூஜைக்கு இன்வெர்ட்டருக்குப் பொட்டு வைக்கிறோம். வைக்கட்டும், கூடவே ஒரு எலக்ட்ரீஷியனை மாடிக்கும் அனுப்பலாம்.

இப்போது தீயணைப்பு வீரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். கோடாரியால் ஒயரை வெட்டினால் வெட்டிய இடத்திலேயே மின்வில் மூளும். தார்ப்பாய் போட்டு மூடலாமா? அமெரிக்காவின் யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், புயலுக்குப் பின் நாம் கூரைமேல் விரிக்கும் ரகத்து நீலத் தார்ப்பாய் ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டது. ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் மிஞ்சியது. தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பரவாயில்லை. தண்ணீர் அடிப்பதிலும் கணக்கு உண்டு: 1000 வோல்ட் வரையான டிசிக்கு, கற்றையாகப் பீய்ச்சினால் சுமார் 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உப்புத்தண்ணீர் என்றால் மின்சாரம் இன்னும் எளிதாகக் கடத்தப்படும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பேனலுக்கும் அடியில் ஒரு சிறு துண்டிப்பான். கீழே ஒரு பொத்தானைத் தட்டினால் தொடர் முழுவதும் தனித்தனிப் பேனல்களாகப் பிரிந்துவிடும், 300 வோல்ட் போய் ஐம்பதுக்குள் அடங்கிவிடும். அமெரிக்க மின்விதிகள் 2014 முதல் கட்டடக் கூரைகளுக்கு விரைவுத் துண்டிப்பைக் கேட்கின்றன. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுக்கிற அரசு, இதையும் நிபந்தனையாகச் சேர்த்து அதற்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

அதுவரை, 101ஐ அழைக்கும்போது முகவரியோடு "மாடியில் சோலார் இருக்கிறது, டிசி சுவிட்ச் இந்த இடத்தில்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த சுவிட்சை அணைத்த பிறகும், அதிலிருந்து பேனல்வரை உள்ள ஒயரில் மின்சாரம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.