வீங்கிய முழங்கால் தொடையை முடக்குவது எப்படி?

வயதானால் கைகால் மெலிந்து வயிறு பெருக்கிறது, கூடவே மூட்டுவலியும் வந்துவிடுகிறது. இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உண்டு. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. தசையின் வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. உண்ட குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். அது சுருங்கி நடமாட்டமும் குறைந்தால், மிஞ்சும் சக்தி வயிற்றில் கொழுப்பாகச் சேரும். எடை கூடினால் முழங்காலுக்குச் சுமை. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் உடல் பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் ஆர்த்ரைடிஸ் அதிகம் வருகிறது. விரல்கள் உடலைச் சுமப்பதில்லையே! குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல. இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அதிலிருந்து ரத்தத்தில் கலந்து எல்லா மூட்டுகளுக்கும் போகின்றன. அங்கே குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. தசைப் புரதம் சிதைவதற்கும் இந்த அழற்சிப் பொருள்களே துணைபோகின்றன.

இனி நான் வியந்து வியந்து படித்த பகுதி. நடக்கும்போது குதிகால் தரையில் பட்டதும் முழங்கால் சற்று மடங்கும். அப்போது தொடையின் முன்புறத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, பிரேக் போல அந்த மடங்கலை மெதுவாக்குகிறது. அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தசையே ஏற்றுக்கொள்வதால் எலும்பு தப்பிக்கிறது. மூட்டில் நீர் கோத்தால் நிலைமை மாறுகிறது. மூட்டுறை விரிவதை அங்குள்ள நரம்புமுனைகள் உணர்ந்து தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. தண்டுவடமோ தொடைத்தசைக்குப் போகும் நரம்புகளை அடக்கி வைக்கிறது. மூளை முழு மூச்சாகக் கட்டளையிட்டாலும் தசைக்கு வந்துசேர்வது அதில் ஒரு பகுதிதான். இதற்கு வலிகூடத் தேவையில்லை. நலமான முழங்காலுக்குள் சிறிது உப்புநீரைச் செலுத்திச் சோதித்தார்கள். வலியே இல்லாதபோதும் தொடைத்தசையின் வலு தளர்ந்தது!

ஆகவே மூட்டு வீங்கிய பெரியவர் எழுந்திருக்கத் தடுமாறினால், அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அவர் விரும்பினாலும் தசைக்கு முழு உத்தரவு போவதில்லை. தசை மெலிய மெலிய மூட்டில் விழும் அடி கூடும், வீக்கம் வளரும், தண்டுவடத்தின் அடக்குமுறை இறுகும். நடமாட்டம் குறையக் குறைய வயிறும் பெருக்கும்.

இந்தச் சுழலை உடைக்க வயது தடையில்லை. 1990இல் மருத்துவர் மரியா ஃபியாடரோன் குழுவினர், சராசரியாக 90 வயதான, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தளர்ந்த பத்துப் பேருக்கு 8 வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அதை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆனாலும் எடைப்பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது. அதைச் சோதிக்க எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. அரசுகள்தான் போட வேண்டும், தாராளமாகப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூட்டுவலி போகும் என்று நம்பிக் காந்தப் பட்டைக்கும் செம்பு வளையத்துக்கும் மக்கள் செலவழிப்பதைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

வாசகருக்கு ஒரு யோசனை. மூட்டு வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காலை நீட்டிவைத்து, முழங்காலை மடக்காமல் தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பலரும் அந்த நிலையிலேயே தொடங்க முடியும். வலுவை அளக்கக் கருவி தேவையில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். அதற்கு 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கிறது என்று ஐரோப்பிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்திருக்கிறது.