பெயிண்டுக்கு அடியில்: ஐம்பது வயது தாண்டிய போர்க்கப்பலில் எங்கே பார்க்க வேண்டும்?

இலங்கைக் கடற்படையில் கஜபாகு சேர்ந்தது 2019 ஜூனில். ஆனால் அந்தக் கப்பல் முதலில் பணிக்கு வந்தது 1968இல், அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ‘ஷெர்மன்’ என்ற பெயரில். அது சேர்ந்த ஹாமில்டன் வகையில் மொத்தம் 12 கப்பல்கள். ஒவ்வொன்றும் சுமார் 115 மீட்டர் நீளம், எஃகு உடல், அலுமினிய மேற்கட்டுமானம். அமெரிக்கா கைவிட்ட பிறகு அவை பிலிப்பைன்ஸ், வங்கதேசம், நைஜீரியா, வியட்நாம், இலங்கை என்று போய்ச் சேர்ந்தன.

வயதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. ஒழுங்காக டாக் (கப்பலை நீருக்கு வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் இடம்) ஏறி இறங்கிய பழைய கப்பல், ஜெட்டியில் வருடக்கணக்காகக் கட்டிக்கிடந்த புதிய கப்பலைவிட நம்பகமானது. பயப்பட வேண்டியது புதுப் பெயிண்டுக்குத்தான்.

போர்க்கப்பலின் தகடு மெல்லியது. சரக்குக் கப்பலின் 16 மி.மீ. தகட்டில் 2 மி.மீ. துருவில் போனால் எட்டில் ஒரு பங்குதான் நஷ்டம். 8 மி.மீ. தகட்டில் அதே 2 மி.மீ. போனால் கால்வாசி போயிற்று. பொதுவாக அந்த அளவிலேயே தகட்டை மாற்றும் பேச்சு தொடங்கிவிடும். தகட்டின் தடிமனை ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து அளக்கும்போது வசதியான இடங்களில் மட்டும் புள்ளி எடுப்பது பரவலான குறை. எடுக்க வேண்டிய இடங்கள் வேறு: நீர்மட்டக் கோட்டையொட்டிய பட்டை, எஞ்சின் அறையின் பில்ஜ் (கசிவுநீர் தேங்கும் அடிப்பகுதி), சீ செஸ்ட்டை (கடல்நீரை உள்ளே எடுக்கும் பெட்டி) சுற்றி, நங்கூரச் சங்கிலி அறை, கழிவறைக்கும் சமையலறைக்கும் கீழே உள்ள டெக், ஏ.சி. தண்ணீர் சொட்டும் மூலைகள். இன்சுலேஷனைக் கழற்றாமல் அளந்த அறிக்கையை நம்ப வேண்டாம். கேஜை, தடிமன் முன்பே தெரிந்த படிபோன்ற உலோகக் கட்டையில் சரிபார்த்தார்களா, பெயிண்டின் தடிமன் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் மேலே ஒரு டப்ளர் தகடு (ஒட்டுத் தகடு) வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடிப்பது அவசரத்துக்கு ஆகும். அடுத்த டாக்கிங்கில் அதை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உள்தகடு கரையும். முறையான வேலை என்றால் கெட்டதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பதிப்பதுதான்: குறைந்தது 300 மி.மீ.க்கு 300 மி.மீ., மூலைகள் வளைவாக, வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப் போல் ஐந்து மடங்கு, 100 மி.மீ.க்குக் குறையாமல். கூர்மூலை விட்டால் அங்கிருந்தே விரிசல் ஓடும்.

எஃகும் அலுமினியமும் சேரும் கோடு தனித் தலைவலி. இடையே உள்ள காப்புப் பொருள் கெட்டு உப்புநீர் நுழைந்தால், தின்னப்படுவது அலுமினியம். பெயிண்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால், சுரண்டிப் பூசி மறைக்காமல் இணைப்பைத் திறந்து பாருங்கள்.

சும்மா நிற்கும் கப்பலில் கடல்நீர்க் குழாய்கள்தான் முதலில் கெடும். செம்பு-நிக்கல் குழாயின் உள்ளே உருவாகும் பாதுகாப்புப் படலத்தை, அழுக்குத் துறைமுக நீரில் உள்ள சல்ஃபைடு அரித்துவிடும். நீண்ட நாள் நிறுத்துவதானால் கடல்நீரை வடித்து நன்னீரால் கழுவிவிட வேண்டும். ஓடும் கப்பலில் வளைவுகளிலும் பம்ப்பை ஒட்டியும் நீர்வேகத்தால் தேய்வது வேறு.

வாட்டர்டைட் (நீர் புகாத) கதவைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் தடவி, கதவை இறுக்கிப் பூட்டித் திறங்கள். ரப்பரில் கோடு விட்டுப்போன இடத்தில் தண்ணீர் வரும். பிறகு ஹோஸால் கதவின் மீது நீர் பீய்ச்சும் சோதனை: முனையில் குறைந்தது 2 பார் அழுத்தம், தூரம் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம். பழைய கப்பல்களில் அடிக்கடி காணும் கோளாறு, ரப்பர் மீதே பெயிண்ட் அடித்து வைத்திருப்பது. ரப்பர் இறுகிவிடும்; அதோடு கதவின் வேலை முடிந்தது. இன்னொன்று, பல்க்ஹெட்டை (அறைகளைப் பிரிக்கும் சுவர்) துளைத்துப் போகும் கேபிள்கள். ஒவ்வொரு ரீஃபிட்டிலும் (பெரிய புதுப்பிப்பு வேலை) புதுக் கேபிள் போகும், பழசு அப்படியே கிடக்கும், துளை சரியாக அடைபடாது. கதவு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்த வழியில் நீரும் புகையும் அடுத்த அறைக்குப் போய்விடும்.

1987இல் பணிக்கு வந்த தாய்லாந்தின் போர்க்கப்பல் சுகோதாய் 2022 டிசம்பர் 18 அன்று புயலில் மூழ்கியது. கடல்நீர் உள்ளே ஏறியது, மின்சாரம் போனது, பம்புகள் நின்றன. இறந்தோரும் காணாமல் போனோருமாக 29 பேர்.

எந்திரங்களில் ஹாமில்டன் வகைக்குப் பெரிய சிக்கல் உதிரிபாகம். இரண்டு டீசல், இரண்டு கேஸ் டர்பைன். அந்த டர்பைன், பழைய போயிங் 707களில் பறந்த ஜெட் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அப்போதைக்கு உதவும். கழற்றிய பாகம் எத்தனை மணிநேரம் ஓடியது என்ற பதிவும் கூடவே வராவிட்டால் அதை மாட்டாதீர்கள்.

கடைசியாக எடை. அடுக்கடுக்கான பெயிண்ட், செத்த கேபிள், மாஸ்ட்டில் ஏறிய புதுக் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும்; கப்பல் எளிதில் கவிழும். தெரிந்த எடைகளைக் குறுக்கே நகர்த்தி, தூக்குக்குண்டின் விலகலை அளந்து செய்யும் சாய்வுச் சோதனைதான் இதைக் காட்டும். கடைசிச் சோதனையின் தேதியைக் கேளுங்கள். அது கடைசி ரீஃபிட்டுக்கு முந்தையது என்றால், பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறை) இருக்கும் ஸ்டெபிலிட்டி புத்தகத்தின் (கப்பலின் நிலைத்தன்மைக் கணக்குகள்) எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.