ஆரம்: ரேடியஸுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

கணினியின் கட்டளை வரியில் ஓடும் சின்ன நிரல் ஒன்று. ஆரத்தைக் கொடுத்தால் கோளத்தின் கன அளவைச் சொல்லும். ஆரத்தை மும்மடியாக்கி, 'பை'யால் பெருக்கி, அதை மூன்றில் நான்கால் பெருக்குவதுதான் மொத்த வேலையும். 3 என்று தட்டினால் 113.097 வரும். இந்த நிரலுக்குத் தமிழில் உதவிக்குறிப்பு எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ரேடியஸ் வந்து நிற்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை.

ரேடியஸ் லத்தீன் சொல். கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் எல்லாம் அதன் பொருள்கள். ரேடியோவும் ரேடியமும் 'கதிர்' என்ற பொருளிலிருந்து கிளைத்தவை. கணக்குக்கு வந்தது ஆரக்கால். சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை நீளும் கட்டை, வட்டத்தின் மையத்திலிருந்து பரிதி வரை நீளும் கோடாக ஆனது. யூக்ளிட் இதற்கென்று தனிச்சொல் வைத்திருக்கவில்லை. 'மையத்திலிருந்து வருவது' என்றே கிரேக்கத்தில் எழுதினார்.

தமிழின் 'ஆரம்' இதே சக்கரத்தில் பிறந்தது. சிறுபாணாற்றுப்படை ஒரு தேரை வருணிக்கும்போது, 'ஆரஞ் சூழ்ந்த அயில்வாய் நேமி' என்கிறது. உளி செதுக்கிய குறட்டில், அதாவது சக்கரத்தின் நடுக்கட்டையில், ஆரக்கால்கள் சூழப் பொருந்திய, இரும்பு விளிம்புள்ள சக்கரம் அது. தச்சன் இழைத்த ஆரமே கணக்கு வாத்தியாரின் ஆரம். வடமொழியிலும் ஆரக்காலுக்கு 'அர' என்ற சொல் உண்டு. கழுத்தில் போடும் ஆரம் வேறு. அது வடமொழி 'ஹார'த்திலிருந்து வந்தது. சந்தனத்துக்கும் ஆரம் என்று பெயர். ஆனால் கோளம், பரிதி, விட்டம் என்று பேசும் இடத்தில் யாரும் மாலையையோ சந்தனத்தையோ நினைக்கப் போவதில்லை.

இலங்கைப் பாடநூல்களில் இது 'ஆரை'. கன அளவும் அங்கே கனவளவு. முன்கையின் எலும்பு ஒன்றுக்கும் ஆரை எலும்பு என்றே பெயர். லத்தீனிலும் அது ரேடியஸ்தான்.

இன்னொரு பழைய சொல்லும் இருக்கிறது. 'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்க, சட்டெனத் தோன்றும் குழி' என்கிறது கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்பது பொருள். ஆரத்தைத்தான் இங்கே விட்டத்தரை என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் அளவு எதில் பாதி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்தப் பாதிதான் பலர் சறுக்கும் இடம். ஆரம் 11 செ.மீ. உள்ள ஒரு கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 5.6 லிட்டர். பந்தை அளப்பவர் கைக்கு எளிதில் கிடைப்பது ஆரம் அல்ல, விட்டம். அவர் 22 என்று கொடுத்துவிட்டால் நிரல் மறுபேச்சில்லாமல் 44.6 லிட்டர் என்று சொல்லும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைவிடவும் அதிகம்! அளவு இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும். நிரலுக்கு அது தவறு என்று தெரிய வழியே இல்லை.

அதனால் உதவிக்குறிப்பில் 'ஆரம்' என்று மட்டும் போடாமல், 'ஆரம் (விட்டத்தில் பாதி)' என்று எழுதுவது நல்லது. பல அளவுகளை ஒன்றாக வாங்கும் நிரல் என்றால் 'ஆரங்கள்' என்றே போடலாம், தயங்க வேண்டாம். பிழைச்செய்தியும் அதே சொல்லில் இருக்கட்டும்: 'ஆரம் சுழியைவிடக் குறையக் கூடாது.' யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயன்படுத்துவார்கள் என்றால், பக்கத்திலேயே 'ஆரை' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.