கரடிக்கு நீந்தத் தெரியும்

அறிவியல் கண்காட்சிக் காலம் தொடங்கிவிட்டது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற பாவத்துக்கு, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் கண்காட்சி என்றாலும் நடுவராக என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். போவேன். பிள்ளைகள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். ஆனால் இந்த வருஷம் ஒரே பள்ளியில், ஒரே வரிசையில், அடுத்தடுத்த மேசைகளில் அதே 'உருகும் துருவம்' உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீல செலோபேன் தாள்தான் கடல். அதன்மேல் ஒரு தெர்மாகோல் துண்டு. துண்டின்மேல் வெள்ளை பெயின்ட் அடித்த கரடிப் பொம்மை, பக்கத்திலேயே ஒரு பென்குயின். பின்னால் அட்டையில் அழுகிற பூமி, அதன் வாயில் தெர்மாமீட்டர்.

பென்குயின் விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வெள்ளைக் கரடி வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கிறது, அண்டார்க்டிக் பென்குயின் தெற்கே. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. பஞ்சு ஒட்டுகிற நேரத்தில் கொஞ்சத்தை உலகப்படத்துக்குக் கொடுத்தால் போதும்.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. கரடிக்கு என்ன ஆகும் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிற பதிலில்தான்.

“பனி உருகிரும் மிஸ். கரடிக்கு நிக்க இடமிருக்காது. தண்ணில விழுந்து செத்துரும்.”

“ஏன்ப்பா, கரடிக்கு நீந்தத் தெரியாதா?”

“தெரியாது மிஸ்.”

பின்னால் நிற்கும் அறிவியல் ஆசிரியரும் தலையாட்டுகிறார். அதுதான் தாங்கவில்லை.

2008-ல் அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில், ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை மாட்டி அனுப்பிய ஒரு பெண் கரடி, பனியைத் தேடி ஒன்பது நாளுக்கு மேல் விடாமல் நீந்தியது. 687 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போய், பாதி வழிக்கு மேல் திரும்பியும் வந்துவிடுகிற தூரம். அது மூழ்கவில்லை. ஆனால் பிறகு பிடித்து எடை பார்த்தபோது உடம்பில் 22 சதவீதம் கரைந்துபோயிருந்தது. கூடவே இருந்த ஒரு வயதுக் குட்டியைக் காணோம். கரடிக்கு எமன் தண்ணீர் இல்லை, பசி. அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் தெர்மாகோல் மறைத்துவிடுகிறது.

அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் வெறும் வெள்ளை. நான் பார்த்த எந்த மாடலிலும் அடியில் யாரும் எதையும் ஒட்டியதில்லை. பனி என்றால் விலங்கு நிற்கிற தரை என்று மனதில் பதிந்துவிட்டது. துருவக் கடலில் சாப்பாடு உண்டாகத் தொடங்குவதே அந்த அடிப்பக்கத்தில்தான்.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டியோடு சேராது. ஒதுங்கி, நுண்ணிய துளைகளிலும் குழாய்களிலும் உப்புநீராகத் தேங்கும். அந்தத் துளைகளிலும் பனியின் அடிப்பரப்பிலும் டயாட்டம் என்கிற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நீண்ட இரவு முடிந்து சூரியன் தலைகாட்டினால் போதும். பனியை ஊடுருவி வருகிற மங்கல் வெளிச்சத்திலேயே பெருகத் தொடங்கிவிடும். அப்போது பனிக்கட்டியைப் புரட்டினால் அடியில் காபிப்பொடி நிறம். மெலோசிரா என்ற ஒரு வகை சடைசடையாகத் தொங்கவும் செய்யும். இதை மேய வருவது காலனஸ் என்ற துடுப்புக்காலி, கடலில் மிதந்து திரியும் ஒரு குட்டி உயிர். சில மில்லிமீட்டர் நீளம்தான், ஆனால் உடம்பெல்லாம் கொழுப்பு. காலனஸைத் துருவ காட் மீன் தின்கிறது. மீனைச் சீல் என்கிற கடல்நாய் தின்கிறது. சீலின் கொழுப்பைக் கரடி தின்கிறது. தெற்கே கிரில் என்ற இறால் போன்ற உயிரின் குஞ்சுகள், தங்கள் முதல் குளிர்காலத்தைப் பனியின் அடியில் உள்ள பாசியைச் சுரண்டித் தின்றுதான் கழிக்கின்றன. பென்குயின், சீல், திமிங்கிலம் என்று அங்கே எல்லாரும் நம்பியிருப்பது இந்தக் கிரிலை. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் கூட்டம் சுமார் 90 ஆண்டுகளில் 440 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது. பென்குயினால் கூட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக முடியாது.

பனி ஏன் உருகுகிறது என்று விளக்கப் போவதில்லை, அது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. 1979-லிருந்து ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி போனால் வெளிச்சம் நேராகத் தண்ணீரில் விழுமே, பாசி இன்னும் நன்றாக வளருமே என்று ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டாள். கெட்டிக்காரி. அவளுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன், மாடல் சுமாராக இருந்தும். வளர்கிறதுதான். 1998-க்கும் 2018-க்கும் இடையில் ஆர்க்டிக் கடலின் பாசி உற்பத்தி 57 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் அது எந்த மாதத்தில் விளைகிறது, யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பனிப்பாசி பெருகும்போது காலனஸ் அதைத் தின்று முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து வாய் திறக்கிற நேரத்துக்குச் சரியாகத் திறந்த கடலில் இரண்டாவது பாசி விளைச்சல் வரும். பனி சீக்கிரம் விலகினால் இரண்டாவது விளைச்சல் முந்திக்கொள்கிறது, குஞ்சுகள் பிந்திப்போகின்றன. புதுவயல் பக்கம் விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்மாய்க்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்று முற்றிப்போனால், அப்புறம் கண்மாய் மறுகால் பாய்ந்தாலும் அந்த நாற்றுக்கு என்ன பயன்?

பனிப்பாசியை நம்பிய காலனஸின் இடத்துக்கு அட்லாண்டிக்கிலிருந்து சின்ன, கொழுப்பு குறைந்த காலனஸ் வகை வருகிறது. நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் தெற்கத்தி காட் மீன்கள் வடக்கே ஏறிவிட்டன. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அடேலி பென்குயின் குறைய, ஜென்டூ பென்குயின் பெருகுகிறது. ஆகவே துருவமே செத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணைக் கசக்குவதும் சரியில்லை. அங்கே ஆட்கள் மாறுகிறார்கள். வெளியேற்றப்படுகிறவர்களுக்கு அதற்குமேல் போக இடமில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் நண்டு என்றால் விடமாட்டோம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரிங் கடலில் 2018-க்குப் பிறகு மூன்றே ஆண்டில் சுமார் 1,000 கோடிப் பனிநண்டுகள் காணாமல் போயின. 2022-ல் அலாஸ்கா அரசு அந்த நண்டுப் பிடிப்பையே நிறுத்தியது. வெப்பத்தில் வெந்து சாகவில்லை. அந்தச் சூடு நண்டு தாங்கக்கூடியதுதான். ஆனால் தண்ணீர் சூடேறினால் நண்டின் உடம்பு கேட்கிற தீனி கூடும். கூட்டமோ நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பட்டினி. நிற்க இடமிருந்தது, நீந்த நீரிருந்தது, சாப்பிடத்தான் இல்லை.

அடுத்தது, கரடி தரையில் ஏறிப் பழத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளாதா என்ற கேள்வி. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா மாட்டி, தரையில் கோடையைக் கழிக்கும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். பழம் தின்றன, எலும்பு கடித்தன, சில சும்மா படுத்துக் கிடந்தன. 19 கரடிகள் இளைத்தன, சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் கரடிகள் வாத்துக் கூடுகளில் புகுந்து முட்டைகளைக் காலி செய்கின்றன. கரடியின் கஷ்டம் வாத்தின் தலையில் விடிகிறது. சீல் கொழுப்புக்கு அது ஈடாகவும் இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சித்தப்பா இருப்பார். “அண்டார்க்டிக்காவுல பனி கூடிக்கிட்டே இருக்காம், எல்லாம் புரளி” என்று போடுவார். அவர் வைத்திருப்பது பழைய செய்தி. 2014-ல் அண்டார்க்டிக் கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி உச்சம் தொட்டது உண்மை. 2016-லிருந்து சரிந்தது. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவானது. அதற்குச் சற்று முன், 2022 இறுதியில், பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் எம்பரர் பென்குயின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சும் தப்பவில்லை என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நீர் ஒட்டாத இறகு முளைக்கிற முன்பே காலடிப் பனி உடைந்துவிட்டது. ஆம், இங்கே மட்டும் பனி தரைதான், ஒப்புக்கொள்கிறேன். இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. அண்டார்க்டிக்காவின் அடேலி லாந்து கரையில் 2017-ல் வழக்கத்துக்கு மீறிப் பனி பரவிக் கிடந்ததால், தாய் தகப்பன் இரை தேடி வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. சுமார் 18,000 அடேலி ஜோடிகள் இருந்த குடியிருப்பில் பிழைத்தவை இரண்டே குஞ்சுகள். பனி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்கிற சின்னக் கணக்கெல்லாம் உதவாது.

தரையிலும் இதே கதை. 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் பகுதியில் பனிமீது மழை பெய்து, அது கண்ணாடிபோல உறைந்துவிட்டது. அடியில் இருந்த பூஞ்சைப்பாசியைத் தோண்டித் தின்ன முடியாமல் 61,000 ரெய்ன்டீர் மான்கள் பட்டினியில் செத்தன. மழை பெய்தால் சந்தோஷப்படுகிற நம் ஊர்க்காரருக்கு இது விளங்க நேரமாகும். அதே சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் 33 ஆண்டுகளில் பனி கரையும் நாள், ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்திக்கொண்டே வந்தது. அங்கே குஞ்சு பொரிக்கும் ஒரு கரைப்பறவைக்குப் பூச்சி கிடைக்கிற நேரம் தவறியது. குஞ்சுகள் சிறுத்தன, அலகும் குட்டையானது. அந்த அலகோடு மேற்கு ஆப்பிரிக்காவின் மவுரித்தானியக் கரைக்குப் போனால், மணலில் ஆழத்தில் புதைந்திருக்கும் சிப்பி எட்டவில்லை. துருவத்தில் போட்ட கணக்குக்கு ஆப்பிரிக்காவில் பட்டினி.

மவுரித்தானியாவுக்கு ஏன் போக வேண்டும்? தொண்டிக் கரைக்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகிற கொசு உள்ளான், உள்ளங்கையில் அடங்குகிற பறவை, அதே ஆர்க்டிக் தூந்திராவில், மரம் வளராத அந்தக் குளிர் நிலத்தில் பொரித்ததுதான். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் இருக்கிற மாவட்டம் நம்முடையது. பறவைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று நமக்கு யாரும் வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்களே, கடையில் ரெடிமேட் மாடல் வாங்கிக் கொடுக்காதீர்கள். நடுவர்களுக்குத் தெரியும், மூன்று பிள்ளைகள் ஒரே கடையில் வாங்கினால் பசை ஒட்டிய இடம்கூட ஒன்றாகவே இருக்கும். ஆசிரியர்களே, தெர்மாகோல் வேண்டாம். துருவத்தைக் காப்பாற்றச் சொல்லும் மாடல் மறுநாள் ஊருணிக் கரையில் மிதப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அட்டை போதும். அடியில் பழுப்பு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், காலனஸை வரையச் சொல்லுங்கள், கரடியைக் கடைசியாக வைக்கச் சொல்லுங்கள். மிதக்கிற பனி உருகிக் கடல் மட்டம் உயர்வதாக எழுத வேண்டாம். அதை உயர்த்துவது நிலத்தின்மேல் இருக்கும் பனி. டம்ளரில் ஐஸ் போட்டுக் காட்டினாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எலும்பும் தோலுமாகத் தள்ளாடுகிற கரடி வீடியோவைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். 2017-ல் வந்தது அது. அந்த ஒரு கரடி காலநிலை மாற்றத்தால்தான் அப்படி ஆனது என்று உறுதியாகச் சொன்னது அதிகப்படி என்று அதை வெளியிட்ட நேஷனல் ஜியாகிரஃபிக்கே மறு வருஷம் ஒப்புக்கொண்டுவிட்டது. நல்ல ஆதாரம் இவ்வளவு இருக்கும்போது சந்தேகத்துக்குரிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தால், சித்தப்பாவுக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம், வருகிற குளிர்காலத்தில் பிள்ளைகளைத் தொண்டிப் பக்கம் அழைத்துப்போங்கள். காலையில், தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிற நேரமாகப் பாருங்கள். கொசு உள்ளான் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காகத் துரத்திப் பறக்கவிட வேண்டாம். நாயையும் அவிழ்த்துவிடாதீர்கள். திரும்பிப் போகிற பயணத்துக்கு அவை கொழுப்புச் சேர்க்கிற இடம் அது. பைனாகுலர் இல்லாத பள்ளிகள் எங்கள் துறையில் கேளுங்கள், தருகிறோம். கையெழுத்துப் போட்டு வாங்கி, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.