டிசி வரும்வரை பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள்

ஒவ்வொரு வருடமும் இந்தக் கதை வந்துவிடுகிறது. மேலே கேரளத்தில், உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்த குடும்பம் ஏதோ காரணத்தால் கம்பத்துக்கோ போடிக்கோ இறங்கி வரும். இல்லையென்றால் இங்கிருந்து காய் எடுக்கப் போனவர்கள் மேலேயே தங்கிவிடுவார்கள். பெரியவர்கள் மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். கேட்டால் ஒரே பதில்தான்: "டிசி இன்னும் வரல டீச்சர்." பழைய பள்ளி தர வேண்டிய மாற்றுச் சான்றிதழைத்தான் சொல்கிறார்கள்.

இந்த முறை வந்தவள் ஆறாம் வகுப்பில் இருக்க வேண்டிய பெண். ஜூலையில் மலையிறங்கிய குடும்பம். எங்கள் பள்ளிக்கு வந்தது தீபாவளி கழித்து. அதுவும் சத்துணவு அமைப்பாளர் தெருவில் பார்த்து விசாரித்து, கையோடு கூட்டி வந்ததால். அப்பாவின் மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், பழைய ரசீதுகள் எல்லாம் இருந்தன. வேன் கட்டணம் பாக்கி என்று மேலே இருந்த தனியார் பள்ளி டிசியை நிறுத்தி வைத்திருக்கிறது. "பாக்கியக் கட்டிட்டு டிசியோட வரலாம்னு இருந்தேன் டீச்சர். வெறுங்கையோட போனா திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொன்னாங்க" என்றார். இத்தனை மாதமும் அவள் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்ததும் விரல் வைத்துத் தப்பில்லாமல் படித்தாள். எழுதச் சொன்னால் இரண்டு வரியிலேயே பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினாள். வகுத்தல் அடியோடு மறந்திருந்தது.

டிசி இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? கங்காணி சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், சில சமயம் எங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் தவறு. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஐந்தாவது பிரிவைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். மாநிலம் விட்டு மாநிலமும் மாறலாம். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும். தாமதித்தால் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி, புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. இது கேரளத்துக்கும் பொருந்தும், தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். குமுளி தாண்டினால் மாறிவிடுகிற சட்டம் இல்லை இது.

பாக்கி வைத்த பெற்றோர் கட்டத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரியவர்களுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு. பிள்ளையின் வருடத்தை அதற்கு ஈடாகப் பிடித்து வைக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை.

வெளியே யாரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் ஆறாவது வேலை நாளன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. இங்கே நமக்கு ஆகஸ்ட் 1. ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு பணியிடமே போய்விடுமோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜூன், ஜூலையில் டிசி கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதற்கு விலை கொடுப்பது பிள்ளையாக இருக்கக் கூடாது.

ஆதார் இல்லை என்றாலும் வாருங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றாலும் வாருங்கள். அங்கன்வாடிப் பதிவு போதும். அதுவும் இல்லையென்றால் வயதைப் பெற்றோர் எழுதித் தரலாம். பாதி வருடம் ஓடிவிட்டதே என்று தயங்க வேண்டாம், சேர்க்கைத் தேதி முடிந்த பிறகு வந்தாலும் மறுக்க முடியாது. வயதுக்கு உரிய வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தருவது எங்கள் பொறுப்பு. எமிஸில், அதாவது அரசின் மாணவர் பதிவுத் தளத்தில், பெயரை ஏற்றும் தலைவலியும் எங்களுடையதுதான்.

ஊர் மாறுவது முன்பே தெரிந்தால், கிளம்பும் முன் பள்ளியில் எழுத்து மூலம் டிசி கேளுங்கள். கொடுத்த மனுவை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் பென் எண்ணை (PEN, மாணவருக்கான நிரந்தரக் கல்வி எண்) குறித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் மாநிலம் மாறினாலும் பழைய பதிவைத் தேடி எடுக்கலாம். பெயரும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே யுபி பள்ளி (நடுநிலைப் பள்ளி) ஏழாம் வகுப்போடு முடிகிறது; எட்டுக்கு எப்படியும் பள்ளி மாற வேண்டும் என்பதால் அதை மார்ச்சிலேயே யோசியுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் டிசியை மட்டும் தயவுசெய்து இழுத்தடிக்க விடாதீர்கள், வாரா வாரம் போய்க் கேளுங்கள்.

சக தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை "டிசி வாங்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நாம் சாதாரணமாகச் சொல்கிற அந்த ஒரு வரிக்காக அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜீப் ஏறி மலைக்குப் போய்வர வேண்டும். ஒருமுறை போவார், இரண்டு முறை போவார், அப்புறம் விட்டுவிடுவார். அன்றைக்கே உட்கார வையுங்கள், அன்றைக்கே சோறு போடுங்கள். பழைய பள்ளிக்கு நீங்களே போன் செய்யுங்கள். தலைமையாசிரியர் தலைமையாசிரியரிடம் கேட்டால் பல நேரம் அந்த வாரமே டிசி வந்துவிடுகிறது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரத் தம்பிகளே, பள்ளி நேரத்தில் உங்கள் வண்டியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் எந்தப் பள்ளி என்று கேளுங்கள். "டிசி வரல" என்று சொன்னால், இங்கே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417-க்குப் பேசச் சொல்லுங்கள். மேலே என்றால் நெடுங்கண்டம், மூணாறு, பீர்மேடு ஏஇஓ (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகங்களில் கேட்கலாம்.