இடிப்பதற்கு முன் எண்ணுங்கள்

குடிசைகளையும் பழைய குடியிருப்புகளையும் இடித்து மாற்று வீடு கொடுப்பதற்கு முன், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்போம். அந்தக் கணக்கெடுப்புக்குப் போகும் நாளில் கையில் டேப், படிவக் கட்டு, சாக்பீஸ் மூன்றும் இருக்கும். கதவில் சாக்பீஸால் எண் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். நகரமைப்புத் திட்டமிடல் என் தொழில். சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகள், பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் என்று எத்தனையோ கதவுகளில் எண் போட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கால்வாய்க்கரையில் ஒரு கதவில் 47 என்று எழுதினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நடுவில் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா, மகன், மருமகள், பேரன். அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்த ஓர் அக்காவும் பள்ளிக்கூடம் போகும் அவருடைய இரண்டு பெண்களும். வாசலில் நின்ற இஸ்திரி வண்டி அக்காவுடையது. என் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரே ஒரு கட்டம். வீட்டுக்கார அம்மா பெயரை எழுதினேன்.

“எங்களையும் எழுதிக்கிட்டீங்களா சார்?” என்று அக்கா கேட்டார்.

“குறிப்புல போட்டிருக்கேன்கா.”

அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. மாற்று வீடு பெறுபவர்களின் பட்டியல் வந்தபோது 47-ம் எண்ணுக்கு ஒரு வீடு. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. மகன் குடும்பமும் தனி வீட்டுக்குத் தகுதியான குடும்பம்தான், அதுவும் விட்டுப்போனது. அந்தக் கணக்கெடுப்பில் நான் செய்த தவறு இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. பின்தங்கிய பகுதி ஒன்றைப் புதுப்பிக்கும்போது ஏற்றத்தாழ்வு குறையுமா கூடுமா என்பது, கட்டடத்தின் வரைபடம் வருவதற்கு வெகு முன்னாலேயே, இப்படிப்பட்ட கட்டங்களில் முடிவாகிவிடுகிறது.

சென்னை இந்த வேலையை ஐம்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்துவருகிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது (2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது). 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. குடிசைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பது அந்தச் சட்டம் தரும் பெரிய பாதுகாப்பு. 1971-ல் 1,202 பகுதிகளைக் கண்டறிந்தார்கள், 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதோடு அறிவிப்பு நீண்ட காலத்துக்கு நின்றுபோனது. அப்புறம் முளைத்த குப்பங்கள், நகர்கள் எல்லாம் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. பெயர் பட்டியலில் இல்லாதவர் கையில் என்ன காகிதம் இருந்தாலும் ‘ஆக்கிரமிப்பாளர்’தான்.

1977-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தை என் மாணவர்களுக்கு எப்போதும் நடந்துபோய்க் காட்டுவேன். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, தண்ணீர், வடிகால், கழிப்பறை மட்டும் செய்து கொடுத்தார்கள். வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். சிறு மனைகளுக்குப் பக்கத்திலேயே பெரிய மனைகளும் கடை மனைகளும் இருந்தன. அவற்றை விற்ற பணம் ஏழைகளின் மனை விலையைக் குறைக்க உதவியது. அதே திட்டத்தில் பழைய குடிசைப்பகுதிகளை இடிக்காமலேயே பாதையும் விளக்கும் குழாயும் போட்டு, மனையை அங்கே இருந்தவர்களுக்கே தவணையில் கொடுத்தார்கள். கிரயப் பத்திரம் கைக்கு வராமல் அலைந்தவர்கள் நிறைய, அது பெரிய குறைதான். ஆனாலும் ஒற்றை அறையாக ஆரம்பித்து, இன்றைக்குக் கீழே டெய்லர் கடையும் மேலே இரண்டு மாடியுமாக நிற்கும் வீடுகளை அந்தத் தெருக்களில் பார்க்கலாம். சென்னை செய்த நல்ல காரியங்களில் இது முதல் வரிசை என்பேன்.

2000-க்குப் பிறகு பாதை மாறியது. கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அப்புறம் எட்டு அடுக்குகளாகப் பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் இருந்தவர்களை 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். சுவர் கான்கிரீட்தான், கழிப்பறையும் வீட்டுக்குள்தான். ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், ஆறரை மணிக்கு முதல் வீட்டில் நிற்க இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு வீடு இரண்டாகக் குறைந்தது, பஸ் கட்டணம் கூடியது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தபோது இங்கே கிடைத்த நிம்மதியை நான் நேரில் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்கூட வீட்டு வசதியின் ஒரு பகுதிதான். திட்ட அறிக்கை எழுதும் நாங்கள் இதை இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டிருக்கக் கூடாது.

சரி, அதே இடத்தில் இடித்துக் கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது, ஆனால் அதுதான் சரியான தொடக்கம். இருந்த இடத்திலேயே புது வீடு கிடைத்தால் வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் கைவிட்டுப் போகாது. சிக்கல் இடைக்காலத்தில் வருகிறது. காலி செய்பவர்களுக்கு முன்பு 8,000 ரூபாய் கருணைத்தொகை தந்தார்கள், பிறகு 24,000 ஆக்கினார்கள். வேலை இரண்டு வருடம் நடந்தால் மாதம் 1,000 ரூபாய். சென்னையில் அந்தக் காசுக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அட்வான்ஸுக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள், திரும்பி வரும்போது, வீட்டு விலையில் அவர்கள் கட்ட வேண்டிய பயனாளி பங்குத்தொகைக்கு மறுபடியும் வாங்குகிறார்கள். புது வீட்டின் சாவியோடு கடனும் சேர்ந்தே வருகிறது.

அதனால் உங்கள் பகுதியில் மறுகட்டுமானப் பேச்சு வந்தால் சில காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கெடுக்க வரும் நாளில் விவரம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, படிவத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டு என்று எழுத வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கேஸ் புத்தகம், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என அந்த முகவரி உள்ள எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். பயனாளிகள் பட்டியலைத் தெருவில் ஒட்டச் சொல்லுங்கள், ஆட்சேபம் சொல்ல அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். திரும்பி வர உரிமை உண்டு என்று எழுத்தில் வாங்காமல் காலி செய்யாதீர்கள். ஒதுக்கீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கட்டும். அவசரத்துக்கு, வீட்டுக்கான ஒதுக்கீட்டு டோக்கனை புரோக்கரிடம் விற்றுவிட்டு வருடக்கணக்கில் வருந்துபவர்களை எனக்குத் தெரியும்.

குடியேறிய பின்னும் வேலை இருக்கிறது. லிப்ட் நின்றுபோன எட்டு மாடிக் கட்டடத்தில் சர்க்கரை நோய்க்காரப் பாட்டி ஆறாவது மாடியிலிருந்து இறங்குவதையே விட்டுவிடுவார். நலச்சங்கம் அமைத்து மாதம் பராமரிப்புத் தொகை வசூலித்தால், ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் அரசும் அதே அளவு தொகை தருகிறது. இதைத் தெரியாமலேயே மோட்டார் பழுதுக்கு அலைகிற பிளாக்குகள் இருக்கின்றன.

என் துறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். இட்லிக் கடை, மீன் கூடை, பழைய பேப்பர் மூட்டை எல்லாமே தரைத்தளத்தில் நடக்கும் பிழைப்பு. இப்போது நான் கூடவே ஒரு தாள் எடுத்துப்போகிறேன். எந்த வாசலில் என்ன தொழில், அதற்கு எத்தனை அடி இடம், எந்த நேரத்தில் என்று அதில் வரைந்துகொள்வேன். அண்மையில் ஒரு தெருவில் அந்தத் தாளை முடித்துக் கிளம்பினேன். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, “கொடுங்க சார், பார்க்கறேன்” என்று வாங்கிச் சத்தமாகப் படித்தாள். பாதியில் நிறுத்தி, “எங்க அம்மா பூ கட்டற இடம் இதுல இல்லையே” என்றாள். பேனாவை அவளிடமே கொடுத்தேன். படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம் வரைந்து, உள்ளே ‘பூ’ என்று எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.