எறும்பு வரிசைக்கு யார் தலைவர்?

"காலையில் சமையல் மேடையில் ஒரே ஒரு எறும்புதான் இருந்தது. பால் காய்ச்சி இறக்குவதற்குள் சர்க்கரை டப்பாவிலிருந்து சுவிட்ச் போர்டு வரை வரிசை கட்டிவிட்டன. இவற்றுக்கு உத்தரவு போடுவது யார், ராணியா?" என்று கேட்கிறார் பெரம்பூர் வாசகி ஒருவர்.

ராணிக்கு முட்டையிடுவதோடு வேலை முடிந்தது. பெயர் வைத்தவர்களால் வந்த குழப்பம் இது. இரை கண்ட எறும்பு வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஃபெரோமோன் என்ற மணத்தை வைத்துப் போகும், பின்னால் வருவது அதை மோந்து போகும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். இரண்டு வழி இருந்தால் குறுக்குவழி எது என்று எப்படித் தெரிகிறது? சுவாரசியம் அங்கேதான்.

1989-இல் பிரசெல்ஸில் தெனுபூர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் கூட்டுக்கும் இரைக்கும் நடுவே ஒரு பாலம் வைத்தார்கள். அதில் இரண்டு கிளைகள். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீளம். விட்டது அர்ஜென்டினா எறும்புகளை. இவை போகும்போதும் வரும்போதும் மணம் வைப்பவை. முதலில் பாதிக்குப் பாதியாகத்தான் பிரிந்தன. குட்டைக் கிளையில் போனவை இரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தில், நீளக் கிளையில் போனவை இன்னும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே இரை முனையில் மணக்கும் கிளை குட்டைக் கிளை ஒன்றுதான்; கூட்டமும் அதன் பக்கம் சாய்ந்தது. எந்த எறும்பும் தூரத்தை அளக்கவில்லை.

அதே குழு ஒரு கணக்கும் சொன்னது. ஒவ்வொரு கிளையிலும் இதுவரை கடந்த எறும்புகளின் எண்ணிக்கையோடு 20 கூட்டி வர்க்கப்படுத்துங்கள். அடுத்த எறும்பு அந்த விகிதத்தில் கிளையைத் தேர்ந்தெடுக்கும். ஒரு கிளையில் 10, மற்றதில் 5 எறும்புகள் கடந்திருந்தால் 900-க்கு 625. முன்னணிக் கிளைக்கு 59 சதவீத வாய்ப்பு. 200-க்கு 100 என்றால் 77 சதவீதம். இரண்டிலும் விகிதம் 2-க்கு 1 தான், உறுதி மட்டும் ஏறுகிறது. அந்த 20 இருப்பதால் முதல் சில எறும்புகளின் பேச்சு எடுபடாது. வர்க்கம் இருப்பதால் கூட்டம் சேர்ந்தபின் மற்றவர் பேச்சு எடுபடாது.

கோளாறும் இதே இடத்தில்தான். நீளக் கிளையை மட்டும் வைத்து, அரை மணி கழித்துக் குட்டைக் கிளையைச் சேர்த்தபோது பெரும்பாலானவை பழைய வழியை விடவில்லை. மணம் சீக்கிரம் மறையாததுதான் காரணம். 1992-இல் கணினி ஆய்வாளர் மார்க்கோ டோரிகோ குறுக்குவழி தேடும் இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுபோனபோது, பழைய வழியிலேயே சிக்காமலிருக்க, கணக்கில் வரும் மணத்தை வேண்டுமென்றே ஆவியாக விட்டார். லாரிகளுக்கு வழி வகுக்கும் கணக்குகளில் இன்று அந்த முறைக்கு இடமுண்டு. எறும்பை எண்ணவா வரிப்பணம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இனி வாசகியின் மேடை. எறும்புகளை நசுக்கினால் மணக்கோடு அப்படியே இருக்கும். வரிசை போன தடம் முழுவதையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்; ஒரு சாண் மட்டும் துடைத்தால், அலைகிற எறும்புகளில் ஒன்று எதிர்ப்பக்கக் கோட்டைத் தொட்டுவிடும். துடைக்கும்முன் டப்பாவை மூடிவிடுங்கள்.